ஐயாயிரம் கட்டி சீட் பிளாக் பண்ணும் முன்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாளே போன் அடிக்க ஆரம்பித்துவிடும். "சார், உங்க பொண்ணு நல்ல மார்க் எடுத்திருக்காம். கம்ப்யூட்டர் சயின்ஸ்ல நாலே சீட்தான் பாக்கி. ஐயாயிரம் போட்டு பிளாக் பண்ணிடுங்க." நம்பர் எப்படிக் கிடைத்தது என்று கேட்டால் பதில் வராது. பேசுகிறவர் பல சமயம் கல்லூரி ஊழியரே இல்லை, தலைக்கு இவ்வளவு என்று கமிஷன் வாங்கும் தரகர். கலந்தாய்வு தொடங்குவதற்கு முன்பே அந்த அவசரத்தில் மாட்டிக்கொள்கிற பெற்றோரை நான் ஒவ்வொரு மே மாதமும் பார்க்கிறேன்.

தமிழ்நாட்டில் அரசு கலந்தாய்வு வழியான பொறியியல் சேர்க்கைக்கு நுழைவுத் தேர்வு கிடையாது. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என மொத்தம் 200-க்கு கட்-ஆஃப் போட்டு, தரவரிசைப்படி ஆன்லைனில் கலந்தாய்வு நடக்கிறது. அதில் வருகிற பிள்ளையும் மேனேஜ்மெண்ட் கோட்டாவில் வருகிற பிள்ளையும் ஒரே பெஞ்சில்தான் உட்காரப் போகிறார்கள். பாடமும் பட்டமும் ஒன்றுதான், வித்தியாசம் பணத்தில். குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் படிப்பவருக்கான முதல் பட்டதாரி கட்டணச் சலுகை கலந்தாய்வு வழியாக வருபவர்களுக்குத்தான். ஆறு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கான 7.5 சதவீத இடஒதுக்கீடும் அப்படியே. அதில் இடம் கிடைத்தால் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே கட்டுகிறது. இதற்கெல்லாம் தகுதியுள்ள பிள்ளையைத் தரகர் வழியே சேர்த்துவிட்டு, ஆகஸ்டில் வந்து "இப்ப அந்தச் சலுகை வாங்க முடியுமா?" என்று கேட்டவர்கள் உண்டு. முடியாது.

முதல் பட்டதாரி சான்றிதழை ரிசல்ட்டுக்குப் பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுவதும் வேண்டாம். ஜூன் மாதம் இ-சேவை மையத்தில் நிற்கிற கூட்டத்தைப் பார்த்தவர்கள் ஏப்ரலிலேயே விண்ணப்பித்துவிடுவார்கள்.

சரி, கலந்தாய்வுக்கே வருவோம். விருப்பப் பட்டியல் போடும்போது, "நமக்கு இது கிடைக்காது, மேலே போட்டால் வீண்" என்று கணக்குப் போட்டு, கிடைக்கும் என்று நினைக்கிற கல்லூரியை முதலில் வைக்கிறார்கள். கணினி மேலிருந்து கீழாகத்தான் பார்க்கும். முதல் விருப்பம் காலியாக இருந்தால் அதைக் கொடுத்துவிடும், கீழே இருப்பதைத் திரும்பிக்கூடப் பார்க்காது. அதனால் ஆசைப்படுகிற வரிசையில்தான் போட வேண்டும். பத்துக் கல்லூரியோடு நிறுத்துவதும் தவறு. எத்தனை வேண்டுமானாலும் போடலாம். ஒரே மாதிரிப் பெயருள்ள கல்லூரிகள் இங்கே ஏராளம். பெயரில் ஒரு சாமி, பின்னால் 'இன்ஜினியரிங் காலேஜ்', ஒன்று சென்னைக்குப் பக்கம், இன்னொன்று முந்நூறு கிலோமீட்டர் தள்ளி. குறியீட்டு எண்ணையும் மாவட்டத்தையும் சேர்த்துப் பாருங்கள். இடம் ஒதுக்கிய பிறகு கெடுவுக்குள் உறுதி செய்யாவிட்டால் அது கையை விட்டுப் போய்விடும். 'ஏற்றுக்கொள்கிறேன், மேலே உள்ளது கிடைத்தால் மாறிக்கொள்கிறேன்' என்ற வழியும் அதில் இருக்கிறது. அவசரத்தில் பலர் அதைப் படிப்பதே இல்லை.

கல்லூரியை எடைபோடுவது எப்படி? 'நூறு சதவீத பிளேஸ்மெண்ட்' என்ற பேனரை வைத்து அல்ல. ஒரே மாணவனுக்கு மூன்று கம்பெனியில் வேலை கிடைத்தால், சில இடங்களில் அதை மூன்று வேலையாக எண்ணுகிறார்கள். அதிகபட்ச சம்பளத்தைக் கேட்காதீர்கள், அது ஒரு பிள்ளைக்குக் கிடைத்தது. நீங்கள் சேரப்போகும் துறையில் போன வருஷம் எத்தனை பேர் படித்தார்கள், எத்தனை பேர் வேலைக்குப் போனார்கள், என்ன வேலை என்று கேளுங்கள். தரத்துக்கு இரண்டு சான்று உண்டு: நாக் (NAAC) மதிப்பீடு கல்லூரி முழுமைக்கும், என்.பி.ஏ. (NBA) அங்கீகாரம் தனித்தனிப் படிப்புக்கு. மெக்கானிக்கலுக்கு வாங்கிய என்.பி.ஏ.வை வாசலில் பெரிதாக எழுதிவைத்து, நேற்று ஆரம்பித்த செயற்கை நுண்ணறிவுப் படிப்புக்கு ஆள் பிடிப்பது நடக்கிறது. இணைப்புக் கல்லூரிகளின் தேர்ச்சி விகிதத்தை அண்ணா பல்கலைக்கழகம் வெளியிடுகிறது, அதையும் பாருங்கள். ஆனால் தன்னாட்சிக் கல்லூரி தானே வினாத்தாள் எடுத்துத் தானே திருத்துகிறது. இரண்டையும் ஒரே தராசில் நிறுத்த முடியாது.

2024-ல் ஒரே பேராசிரியரின் பெயர் பல பொறியியல் கல்லூரிகளின் ஆசிரியர் பட்டியலில் இருந்தது வெளியே வந்தது நினைவிருக்கும். இணையதளத்தில் இருக்கிற ஆசிரியர் வகுப்பிலும் இருக்கிறாரா என்பதைச் சொல்லக்கூடியவர்கள் மாணவர்கள் மட்டும்தான். வேலை நாளில் சாயங்காலம் கல்லூரி எதிரே இருக்கும் டீக்கடையில் அரைமணி நேரம் நில்லுங்கள். லேப் ஒழுங்காக நடக்கிறதா, செமஸ்டர் நடுவில் எத்தனை ஆசிரியர் மாறினார்கள் என்று மூன்றாம் ஆண்டுப் பையன்களிடம் கேட்டால் கொட்டித் தீர்த்துவிடுவார்கள்.

இன்ஜினியரிங்கில் ஏமாந்தால் பணம் போகும், கையில் ஒரு செல்லுபடியாகும் பட்டமாவது மிஞ்சும். நர்ஸிங் பெயரில் ஏமாந்தால் அதுவும் மிஞ்சாது. எனக்கு மிகவும் ஆத்திரம் வருவது இதில்தான். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, மொபைல் கடைக்கு மேல் மாடியில், 'ஒரு வருட நர்ஸிங், உடனடி வேலை' என்று போர்டு இருக்கும். தெரிந்த ஒரு பெண் அப்படி வாங்கிய சான்றிதழைக் கொண்டுவந்து காட்டினாள். லேமினேட் செய்து, தங்க நிறத்தில் முத்திரை, மேலே அசோகச் சின்னம் போலவே ஏதோ ஒன்று, கீழே 'அரசுப் பதிவு பெற்றது' என்று ஒரு எண். அந்த எண் அறக்கட்டளையைப் பத்திரப்பதிவு அலுவலகத்தில் பதிந்த எண். டிரஸ்ட் யார் வேண்டுமானாலும் பதியலாம். அதற்கும் ஊசி போடுவதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பக்கத்து ஊர் கிளினிக்கில் அவளுக்கு வேலை இருந்தது, உண்மைதான். ஆனால் அரசு வேலைக்கு விண்ணப்பிக்கப் போனபோது நர்ஸிங் கவுன்சில் பதிவு எண் கேட்டார்கள். இல்லை.

நர்ஸிங் படிப்புகளில் ஏ.என்.எம். என்றால் இரண்டு வருஷம், ஜி.என்.எம். மூன்று, பி.எஸ்சி. நர்ஸிங் நான்கு. படித்து முடித்ததும் மாநில நர்ஸிங் கவுன்சிலில் பதிவு செய்தால்தான் நர்ஸ். ஒரே வருஷத்தில் நர்ஸ் ஆக்குகிறேன் என்று யார் சொன்னாலும் அது வேறு ஏதோ. சேரும் முன் "முடித்த பிறகு கவுன்சிலில் பதிய முடியுமா, எழுதிக் கொடுங்கள்" என்று கேட்டுப் பாருங்கள். பேச்சு மாறினால் படியிறங்கிவிடலாம். பி.எஸ்சி. நர்ஸிங், பி.பார்ம், பிசியோதெரபி போன்றவற்றுக்குக் கல்லூரி டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் இணைப்புப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்தால் போதும், தானே பட்டம் கொடுக்கும் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் என்றால் அது தனிக்கணக்கு.

அப்புறம் ஐ.டி.ஐ. எனும் தொழிற்பயிற்சி நிலையம். 'மார்க் வராதவன் போகிற இடம்' என்று ஒதுக்குவதைத்தான் நான் பெரிய தவறு என்பேன். அரசு ஐ.டி.ஐ.யில் படிப்புக் கட்டணம் இல்லை, மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. வெல்டர் ஒரு வருஷம், ஃபிட்டர், எலக்ட்ரீஷியன் இரண்டு வருஷம். வெல்டருக்கு எட்டாம் வகுப்பே போதும். மேல்படிப்புக் கதவும் அடைபடுவதில்லை: பத்தாம் வகுப்புக்குப் பிறகு இரண்டு வருஷ ஐ.டி.ஐ. முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் ஆண்டு சேரலாம், டிப்ளமோ முடித்தவர் பி.இ.யில் நேராக இரண்டாம் ஆண்டு. தனியார் ஐ.டி.ஐ. என்றால் ஒன்றைக் கவனியுங்கள். அங்கீகாரம் நிறுவனத்துக்கு மொத்தமாக வருவதில்லை, ஒவ்வொரு தொழிற்பிரிவுக்கும் தனித்தனி. ஃபிட்டருக்கு என்.சி.வி.டி. எனும் மத்திய அங்கீகாரம் இருக்கும், பக்கத்து அறையில் நடக்கும் ஏ.சி. மெக்கானிக் வகுப்புக்கு ஒன்றுமே இருக்காது.

சென்னை கிண்டியில் மத்திய அரசின் சிப்பெட் நிறுவனம் 1968-லிருந்து இருக்கிறது, பிளாஸ்டிக் தொழில்நுட்பம் சொல்லித்தருகிறார்கள். அதே கிண்டியில் மத்திய காலணிப் பயிற்சி நிலையம். இவற்றின் பெயரைக்கூடக் கேள்விப்படாமல், மூன்று லட்சம் கடன் வாங்கி ஏதோ ஒரு 'ஏவியேஷன் அகாடமி'யில் சேர்ப்பவர்களை என்ன சொல்வது! புதுமைப்பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் மாதம் 1,000 ரூபாய் டிப்ளமோ, ஐ.டி.ஐ. படிப்பவர்களுக்கும் உண்டு என்பதையும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் வீட்டில் சொல்லிவையுங்கள்.

கடைசியாகப் பணமும் சான்றிதழும். அசல் மதிப்பெண் சான்றிதழைக் கல்லூரி பிடித்துவைத்துக்கொள்ளக் கூடாது என்று உயர்கல்வியை ஒழுங்குபடுத்தும் யூ.ஜி.சி.யும், தொழில்நுட்பக் கல்வியை ஒழுங்குபடுத்தும் ஏ.ஐ.சி.டி.இ.யும் சொல்லியிருக்கின்றன; சரிபார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்க வேண்டும். வகுப்பு தொடங்கும் முன் விலகினால், ஏ.ஐ.சி.டி.இ. விதிப்படி தொழில்நுட்பக் கல்லூரி அதிகபட்சம் 1,000 ரூபாய் பிடித்துக்கொண்டு மீதியைத் தர வேண்டும். ஆனால் இதையெல்லாம் கேட்கக் கல்லூரி பெயரில் ரசீது வேண்டும். போனில் பேசியவரின் ஜிபே நம்பருக்குப் போன ஐயாயிரத்தைக் கல்லூரி அலுவலகத்தில் போய்க் கேட்டால், "அப்படி ஒருத்தர் எங்ககிட்ட இல்லையேம்மா" என்பார்கள்.