எலும்புப் புற்றுநோய் பயமா? ரத்த அறிக்கையை இப்படிப் படியுங்கள்

அக்கா மகனுக்கு 14 வயது. முழங்கால் வலி என்று பலதுறை மருந்தகத்தில் ரத்தம் எடுத்தார்கள். முடிவை ஹெல்த்ஹப் செயலியில் பார்த்த அக்கா, “ஏஎல்பி 310டா, ரொம்ப அதிகமாம்!” என்று போனில் அழுதுவிட்டார். கூகளில் வேறு தேடியிருக்கிறார். கேட்கவா வேண்டும்?

அதனால்தான் இதை எழுதுகிறேன். அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

முதலில் வயது. ஏஎல்பி என்பது எலும்பு உருவாகும்போது ரத்தத்தில் கூடும் ஒரு நொதி. பெரியவர்களுக்கு ஏறத்தாழ 40 முதல் 130 வரை இயல்பு. வளரும் பிள்ளைகளுக்கு 300, 400கூட இயல்புதான். எங்கள் பையனுக்கு ஆறே மாதத்தில் காலணி இரண்டு அளவு பெரிதாகியிருந்தது! பெரியவர்களின் எல்லையோடு ஒப்பிட்டுத்தான் அக்கா பயந்திருக்கிறார்.

இரண்டாவது, அது எலும்பிலிருந்துதான் வந்ததா? கல்லீரலும் ஏஎல்பியைச் சுரக்கும். பக்கத்தில் ஜிஜிடி என்ற கல்லீரல் நொதியின் எண் இருக்கிறதா பாருங்கள். அதுவும் கூடியிருந்தால் கல்லீரல் பக்கம்தான் சந்தேகம் போகும். எலும்பு முறிந்து கூடிவரும்போதும், கர்ப்ப காலத்திலும் ஏஎல்பி ஏறும்.

அப்புறம் எல்டிஎச், உடலின் செல்களுக்குள் இருக்கும் இன்னொரு நொதி. ஆஸ்டியோசார்கோமா, யூயிங் சார்கோமா என்ற எலும்புப் புற்றுநோய்கள் இரண்டிலும் மருத்துவர்கள் கவனிக்கும் எண் இது. ஆனால் ரத்தம் எடுக்கும்போது சிவப்பணுக்கள் உடைந்துவிட்டாலே இது ஏறிவிடும். மறுபடி எடுக்கச் சொன்னால் பதற வேண்டாம்.

பெரியவர்களுக்குக் கால்சியம் கூடியிருந்தால் அசட்டையாக இருக்காதீர்கள். வேறு உறுப்பிலிருந்து எலும்புக்குப் பரவிய புற்றுநோய், மைலோமா என்ற எலும்பு மஜ்ஜைப் புற்றுநோய் போன்றவற்றிலும் அப்படி ஆகலாம்.

இனி முக்கியமான சங்கதி. எலும்பிலேயே தொடங்கும் புற்றுநோயை ரத்தப் பரிசோதனை மட்டும் உறுதிசெய்யாது, இல்லை என்றும் சொல்லாது. ஆஸ்டியோசார்கோமா உள்ள பலருக்கு ஏஎல்பி இயல்பாகவே இருக்கிறது. தூக்கத்தைக் கெடுக்கும் வலி, பெரிதாகும் வீக்கம் இருந்தால் எண் என்ன சொன்னாலும் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். சந்தேகம் இருந்தால் எம்ஆர்ஐ, கடைசியில் திசுப் பரிசோதனை. எங்கள் பையனுக்கு எக்ஸ்ரேயோடு முடிந்தது, நல்லவேளை.

சிகிச்சையில் இருப்பவர்களுக்குத்தான் இந்த எண்கள் கூடுதலாக உதவும். தொடக்கத்தில் உயர்ந்திருந்த ஏஎல்பி, கீமோ, அறுவை சிகிச்சைக்குப் பிறகு இறங்குவது நல்ல அறிகுறி. பிறகு மீண்டும் ஏறினால் மருத்துவர் நுரையீரல் ஸ்கேன் கேட்கலாம், ஆஸ்டியோசார்கோமா பெரும்பாலும் அங்கேதான் பரவும். முடிந்தவரை ஒரே ஆய்வகத்தின் எண்களை ஒப்பிடுங்கள், தேதியோடு ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். வெள்ளையணுக்களைக் கூட்டப் போடும் ஊசியும் ஏஎல்பி, எல்டிஎச் இரண்டையும் கொஞ்ச நாளைக்கு ஏற்றிவிடும். ஆகவே ஊசி போட்ட நாளையும் அதே நோட்டில் குறித்துவிடுங்கள்.