விசாரித்துவிட்டுச் சொல்லலாம் என்று காத்திருக்காதீர்கள்: போக்சோ விஷயத்தில் நாம் செய்யும் தவறுகள்

ஒரு குழந்தை தனக்கு நடந்த பாலியல் கொடுமையை உங்களிடம் சொல்லிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் வகுப்பு ஆசிரியராக இருக்கலாம், சித்தியாக இருக்கலாம், டியூஷன் எடுப்பவராக இருக்கலாம். அந்த இடத்தில் நம்மில் நிறையப் பேருக்கு முதலில் தோன்றுவது, "நிஜம்தானா என்று விசாரித்துவிட்டு அப்புறம் சொல்லலாம்" என்பதுதான். இங்கேதான் எல்லாம் கெட்டுப்போகிறது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்க 2012 நவம்பர் 14 முதல் நடைமுறையில் இருக்கும் போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவு உங்களிடம் ஆதாரம் கேட்கவே இல்லை. குற்றம் நடந்தது என்று தெரியவந்தாலும், நடக்கப்போகிறது என்ற அச்சம் இருந்தாலும் போலீசுக்குச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். உண்மையா இல்லையா என்று பார்ப்பது அவர்கள் வேலை. நாம் விசாரிக்கிறேன் என்று இறங்கினால், சம்பந்தப்பட்ட ஆளுக்கு விஷயம் போய்விடும், அவன் குழந்தையை மிரட்டவும் தடயத்தை அழிக்கவும் நாமே நேரம் கொடுத்ததாகிவிடும்.

பள்ளிகளில் இது இன்னும் மோசம். ஆசிரியர் தலைமையாசிரியரிடம் சொல்வார், அவர் தாளாளரிடம் சொல்வார், ஒரு கமிட்டி போட்டு அந்த ஆளிடம் ராஜினாமா கடிதம் வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுவார்கள். அவன் அடுத்த ஊர்ப் பள்ளியில் சேர்ந்துவிடுவான். மேலிடத்தில் சொன்னதோடு உங்கள் கடமை முடிந்துவிடாது. தெரிந்தும் சொல்லாதவருக்கு 6 மாதம் வரை சிறை அல்லது அபராதம் அல்லது இரண்டுமே. தனக்குக் கீழே வேலை பார்ப்பவர் செய்த குற்றத்தை மறைக்கும் நிறுவனப் பொறுப்பாளருக்கு ஒரு வருடம் வரை சிறையும் அபராதமும். புகாரைப் பதிவு செய்யாத போலீஸ்காரருக்கும் 21-ஆம் பிரிவு பொருந்தும், ஸ்டேஷனில் "எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்க, பார்க்கலாம்" என்றால் இதை நினைவுபடுத்துங்கள். மருத்துவர்களுக்கும் விலக்கு இல்லை. மகாராஷ்டிராவின் சந்திரப்பூர் மாவட்டத்தில் மாணவியர் விடுதிச் சிறுமிகளுக்குச் சிகிச்சை பார்த்தும் தகவல் தரவில்லை என்று ஒரு மருத்துவர் மீது போட்ட வழக்கை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை நீக்கிவிட்டது.

"பொய்ப் புகார் என்றாகிவிட்டால் என்னை உள்ளே வைத்துவிடுவார்களே" என்ற பயம் நிறையப் பேருக்கு இருக்கிறது. நல்லெண்ணத்தோடு தகவல் சொன்னவர் மீது எந்த வழக்கும் வராது என்று 19-ஆம் பிரிவே சொல்கிறது. வேண்டுமென்றே ஒருவரைக் கெடுக்கப் பொய் சொன்னவருக்குத்தான் தண்டனை. குழந்தை சொன்னது தவறாகவே போனாலும் குழந்தைக்குத் தண்டனை கிடையாது.

அடுத்தது, எனக்கு மிகவும் வருத்தம் தருவது. குழந்தையைத் திரும்பத் திரும்பக் கேட்பது. அம்மா ஒரு தடவை, அத்தை ஒரு தடவை, டீச்சர் ஒரு தடவை, நடுவில் யாரோ போனில் வீடியோ வேறு எடுப்பார்கள். ஒவ்வொரு தடவையும் அந்தப் பிள்ளை அதே இடத்துக்குத் திரும்பிப் போய் வர வேண்டியிருக்கிறது, வார்த்தைகளும் கொஞ்சம் கொஞ்சமாக மாறும், பிறகு கோர்ட்டில் எதிர்த்தரப்பு வக்கீல் அதைத்தான் பிடித்துக்கொள்வார். "நீ சொன்னதை நம்புகிறேன், உன்மேல் தப்பு இல்லை" என்று சொல்லுங்கள், குழந்தை தானாகச் சொன்னதை அதன் வார்த்தையிலேயே தேதி போட்டு எழுதி வையுங்கள், அதற்கு மேல் கிளறாதீர்கள். வாக்குமூலம் வாங்கச் சட்டத்தில் தனி வழி இருக்கிறது. குழந்தையின் வீட்டிலோ அதற்குப் பிடித்த இடத்திலோ, சீருடை இல்லாமல், முடிந்தவரை எஸ்.ஐ. பதவிக்குக் குறையாத பெண் அதிகாரி, பெற்றோரோ குழந்தை நம்பும் ஒருவரோ கூட இருக்கும்போது வாங்க வேண்டும். எக்காரணத்துக்காகவும் இரவில் குழந்தையை ஸ்டேஷனில் வைத்திருக்கக் கூடாது.

உடனே குளிப்பாட்டி, துணியைத் துவைத்துப் போடுவதும் நடக்கிறது. பதற்றத்தில் செய்வதுதான், குறை சொல்லவில்லை. ஆனால் அந்தத் துணியைத் துவைக்காமல் காகிதப் பையில் போட்டு வைத்துவிட்டு முதலில் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். "எஃப்.ஐ.ஆர். இருந்தால்தான் பார்ப்போம்" என்று எந்த மருத்துவரும் சொல்லக் கூடாது, அரசு மருத்துவமனையோ தனியாரோ சிகிச்சை இலவசம். சிறுமியைப் பெண் மருத்துவர்தான் பரிசோதிக்க வேண்டும். சில நாள் கழிந்துவிட்டாலும் கூட்டிப்போங்கள், சிகிச்சை தேவைப்படுமே.

சொந்தக்காரன்தான் செய்தான் என்றால் ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்து பேசி முடிப்பது இன்னும் இருக்கிறது. பணம் கை மாறும், பையனின் வாழ்க்கை, பெண்ணின் மானம் என்றெல்லாம் பேசுவார்கள். இது குடும்பத் தகராறு இல்லை. ராஜஸ்தானில் ஓர் ஆசிரியர் மீதான வழக்கை, சிறுமியின் தந்தையோடு சமரசம் ஆகிவிட்டது என்று உயர் நீதிமன்றம் ரத்து செய்திருந்தது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவைத் தூக்கி எறிந்தது. பெற்றோரே கையெழுத்துப் போட்டாலும் சமரசம் செல்லாது. "பையனுக்கு என்ன ஆகிவிடப் போகிறது" என்று விடுவதும் தவறு, 18 வயதுக்குட்பட்ட ஆண் பிள்ளைக்கும் இதே சட்டம்தான்.

அப்புறம் வாட்ஸ்அப். கோபத்தில் குழந்தையின் பெயர், பள்ளி, தெரு எல்லாவற்றையும் போட்டு "நீதி வேண்டும்" என்று பரப்புகிறார்கள். அடையாளத்தை வெளியிடுவதே குற்றம், அந்தக் குழந்தை நாளைக்கும் அதே தெருவில்தான் நடந்து போக வேண்டும். குழந்தையைப் பாலியல் ரீதியாகக் காட்டும் வீடியோ ஏதாவது கைக்கு வந்தால் கண்டிப்பதற்காகக்கூட யாருக்கும் அனுப்பாதீர்கள், போனில் வைத்திருப்பதே சிக்கல் என்று 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. போலீசுக்குத் தெரிவித்துவிட்டு நீக்கிவிடுங்கள்.

சரி, யாரிடம் சொல்வது? பக்கத்து அனைத்து மகளிர் காவல் நிலையம், இல்லையென்றால் எந்தக் காவல் நிலையமும். 1098-க்கு எந்த நேரமும் கட்டணமில்லாமல் பேசலாம். எஃப்.ஐ.ஆர். நகலை இலவசமாக வாங்கிக்கொள்ளுங்கள். 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவுக்கும் சிறப்பு நீதிமன்றத்துக்கும் போலீஸ் தகவல் தர வேண்டும், தந்தாகிவிட்டதா என்று மறுநாளே கேளுங்கள். வழக்கு முடியும்வரை குழந்தையோடு கூட இருக்க ஒரு உதவியாளரை அந்தக் குழு நியமிக்கலாம். இடைக்கால நிவாரணத் தொகைக்கும் வழி உண்டு, தீர்ப்பு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இந்த இரண்டையும் நிறையக் குடும்பங்கள் கேட்காமலே விட்டுவிடுகின்றன.