பெல்ட்டை மாற்றியும் டிராக்டர் மேடு ஏறவில்லையா?

ஜூனில் நாலு மழை பெய்தால் போதும், பெங்களூரு சர்ஜாபூர் ரோடு பக்கத்து லேஅவுட்களில் புல் கணுக்காலை மூடிவிடும். எங்கள் லேஅவுட்டில் உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டி டிராக்டர் ஒன்று உண்டு. மெயின்டனன்ஸ் என் தலையில். போன ஜூலையில் தோட்டம் பார்க்கும் பெரியவர் வந்து நின்றார். திருவண்ணாமலைக்காரர். "தம்பி, இன்ஜின் ஓடுது, பிளேடும் சுத்துது, வண்டி மட்டும் மேட்டுல ஏற மாட்டேங்குது" என்றார். பெல்ட்தான் என்று அங்கேயே முடிவு கட்டி, புதுசு வாங்கி மாட்டினேன். மூன்று வாரத்தில் அதே மேடு, அதே பெரியவர்.

அந்த இரண்டு தடவையும் நான் செய்ததும், பிறகு பக்கத்து லேஅவுட்காரர்கள் செய்யப் பார்த்ததுமாகச் சில தவறுகளை எழுதுகிறேன்.

முதலில் இந்த வண்டி எப்படி ஓடுகிறது என்று பார்த்துவிடுவோம். இன்ஜினுக்கு அடியில் ஒரு புல்லி, பின்னால் கியர்பாக்ஸ் தலையில் ஒரு புல்லி, இரண்டையும் சுற்றி நீளமான வி பெல்ட், அதாவது குறுக்கே வெட்டினால் V வடிவில் அடி குறுகித் தெரியும் பெல்ட். நடுவில் ஐட்லர் புல்லி பெல்ட்டை அழுத்திக்கொண்டிருக்கும். அந்த ஐட்லரை இழுத்துப் பிடிப்பது ஒரு ஸ்பிரிங். பெடலை மிதித்தால் ஐட்லர் விலகும், பெல்ட் தொளதொளவென்று ஆகும், வண்டி நிற்கும். பல மாடல்களில் தனியாகக் கிளட்ச் பிளேட் எதுவும் கிடையாது. பெல்ட்டும் ஸ்பிரிங்கும் சேர்ந்ததுதான் கிளட்ச். ஆகவே மேடு ஏறவில்லை என்றால் பெல்ட் தேய்ந்திருக்கலாம், ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம், ஐட்லர் பேரிங் இறுகியிருக்கலாம். நான் கடைசி இரண்டையும் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. பழைய பெல்ட்டின் ஒரு பக்கம் கண்ணாடி மாதிரி பளபளவென்று கருகியிருந்தது. வழுக்கிச் சூடேறிய அடையாளம் அது. ஏன் வழுக்கியது என்று அப்போதே யோசித்திருந்தால் ஒரு பெல்ட் மிச்சம்.

அடுத்தது நம்பர் குழப்பம். இதில்தான் பாதிப் பேர் விழுகிறார்கள். வண்டியின் மேனுவலில் 4எல்950 என்று இருக்கும், வைத்துக்கொள்வோம். 4 என்றால் மேல் அகலம் எட்டில் நாலு பங்கு இன்ச், அதாவது அரை இன்ச். 950 என்றால் 95.0 இன்ச், அதுவும் பெல்ட்டின் வெளிச்சுற்று. இதை மனதில் வைத்துக்கொண்டு உதிரிபாகக் கடைகள் உள்ள எஸ்.பி. ரோடு போய் "ஏ95 கொடுங்க" என்று கேட்டேன். கடைக்காரர் கேட்டதைக் கொடுத்தார், அவர் மேல் தப்பில்லை. நம் ஊர்க் கடைகளில் ஏ (அரை இன்ச் அகலம்), பி (அதைவிட அகலம்) பெல்ட்டுக்குப் போடும் நம்பர் இன்ச் கணக்கில் உள்சுற்று. ஏ பெல்ட்டில் உள்சுற்றுக்கும் வெளிச்சுற்றுக்கும் சுமார் 2 இன்ச் வித்தியாசம் உண்டு. எனக்கு வேண்டியது ஏ93. நான் வாங்கி வந்தது இரண்டு இன்ச் நீளம். மாட்டும்போது சுலபமாக ஏறியது, சந்தோஷப்பட்டேன். சுலபமாக ஏறியபோதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். பெல்ட் நீளமானால் ஐட்லர் தூரமாக நகர்ந்துவிடும், ஸ்பிரிங் சுருங்கிவிடும். சுருங்கிய ஸ்பிரிங்குக்கு இழுக்கும் பலம் ஏது?

பி பெல்ட் வாங்கினால் வேறு வம்பு. அதன் மேல் அகலம் சுமார் 17 மில்லிமீட்டர், ஏ பெல்ட் 13. அரை இன்ச் புல்லிக்குள் அது இறங்காமல் மேலேயே நிற்கும். வி பெல்ட் பிடிப்பது இரண்டு பக்கச் சுவரால். அடிப்பாகம் புல்லியின் பள்ளத்தைத் தொடவே கூடாது. புல்லியின் அடிப்பள்ளம் பளபளத்தால் பெல்ட் ஒடுங்கி உள்ளே விழுந்திருக்கிறது, அல்லது புல்லியே தேய்ந்திருக்கிறது. பழைய பெல்ட்டை அளந்து வாங்குவதும் ஆபத்துதான். ஓடி ஓடி நீண்டும் ஒடுங்கியும் போனது சரியான அளவைக் காட்டாது.

நம்பர் சரியாக இருந்தாலும், மாவு மில்லுக்கும் மோட்டார் பம்புக்கும் போடுகிற சாதாரண பெல்ட் இங்கே நீண்ட நாள் தாங்காது. அங்கே பெல்ட் எப்போதும் இறுக்கமாக, ஒரே பக்கம் மடிந்து ஓடுகிறது. இங்கே தட்டையான ஐட்லர் முதுகுப் பக்கமாக அழுத்தும். நிமிடத்துக்கு நிமிடம் தளர்வதும் இறுகுவதும் வேறு. இதற்கென்று உள்ளே அராமிட் என்கிற வலுவான செயற்கை நூல் வைத்த பெல்ட் இருக்கிறது. விலை கூடத்தான். வாங்குங்கள்.

இனி ஸ்பிரிங். கழற்றி மேசையில் வையுங்கள். இந்த இழுவை ஸ்பிரிங்கில் சும்மா கிடக்கும்போது சுருள்கள் ஒன்றையொன்று ஒட்டியிருக்க வேண்டும். ஒரு விசிட்டிங் கார்டு நுழைகிற அளவுக்கு இடைவெளி தெரிந்தால் அது இழுபட்டுப் போன ஸ்பிரிங். என்னுடையதில் கார்டு நாலு இடத்தில் வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. உடனே பைக் ஸ்டாண்டு ஸ்பிரிங்கை மாட்டலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். அது பல மடங்கு முரட்டு ஸ்பிரிங். பெல்ட் வழுக்காது, உண்மை. ஆனால் ஐட்லர் பேரிங் சீக்கிரம் கத்த ஆரம்பிக்கும், பெடலை மிதிக்க இரண்டு கால் வேண்டும். பழைய ஸ்பிரிங்கில் இரண்டு சுற்று வெட்டிவிட்டு மாட்டுவதும் அதே கதை. சுற்று குறைந்தால் ஸ்பிரிங் இன்னும் விறைக்கும். வெட்டிய முனையில் கொக்கி வளைக்க வெல்டிங் கடையில் சூடேற்றினால் அந்த இடத்தில் எஃகின் பதம் போய்விடும், கொக்கி மெல்ல விரிந்து ஒருநாள் கழன்று விழும். அந்தப் பார்ட் நம்பரையே வாங்குவதுதான் ஒரே வழி. கொக்கி மாட்டும் ஓட்டையையும் பாருங்கள், முட்டை வடிவமாகத் தேய்ந்திருக்கக்கூடும்.

ஸ்பிரிங்கைக் கட்டிங் பிளேயரால் கவ்வி இழுக்காதீர்கள். வழுக்கினால் முகத்துக்கு வரும். வழுக்காவிட்டால் கம்பியில் பல் பதிந்து, பின்னால் அந்தக் கீறலில்தான் முறியும். கெட்டியான நைலான் கயிற்றைக் கொக்கிக்குள் விட்டு, கயிற்றைப் பிடித்து இழுங்கள். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். அதைவிடச் சுலபம்: பல மாடல்களில் பெடலை மிதித்துப் பார்க்கிங் பிரேக் போட்டால் ஐட்லர் விலகியே நிற்கும், பெல்ட் தளர்ந்து கிடைக்கும். பின் சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கல் வைத்துவிட்டு இதைச் செய்யுங்கள். சாவியை எடுப்பது, ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றுவது, பேட்டரி நெகட்டிவை முதலில் எடுப்பது எல்லாம் இதற்கு முன்னால். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் படுக்கவே படுக்காதீர்கள்.

கழற்றும் முன் செல்போனில் நாலு போட்டோ. நான் எடுக்கவில்லை. பிறகு பெரியவரும் நானும் மண்ணில் குச்சியால் புல்லி வரைந்து, பெல்ட் எதற்கு உள்ளே எதற்கு வெளியே என்று முக்கால் மணி நேரம் வழக்காடினோம். பள்ளம் உள்ள ஐட்லரில் பெல்ட்டின் வி பக்கம், தட்டை ஐட்லரில் முதுகு. அவர் சொன்னதுதான் சரி. ஸ்குரூ டிரைவரால் நெம்பி பெல்ட்டைப் புல்லியில் ஏற்றினால் உள்ளே நூல் அறுந்துபோகும், வெளியே ஒன்றும் தெரியாது. சில நாளில் பெல்ட் புரண்டு புரண்டு ஓடும்.

பெல்ட் வெளியே இருக்கும்போதே ஐட்லர்களைக் கையால் சுற்றுங்கள். கரகரத்தாலோ ஆடினாலோ பேரிங்கை மாற்றிவிடுங்கள். எங்கள் ஊர்ச் செம்மண் தூசியும் நனைந்த புல்லும் சேர்ந்தால் பேரிங் சீல் என்ன செய்யும், பாவம். வழுக்கும் பெல்ட்டுக்கு ஸ்ப்ரே அடிப்பது வேண்டாம். நாலு நாள் பிடிக்கும், பிறகு அதிலேயே தூசி ஒட்டிப் பசையாகும்.

எல்லாம் மாட்டி முடித்ததும் பெல்ட் கைடு கம்பிகளைப் பாருங்கள். பெல்ட் அவற்றுக்கு உள்பக்கம் ஓட வேண்டும். பெடலை மிதித்ததும் தளர்ந்த பெல்ட்டை அவைதான் இன்ஜின் புல்லியிலிருந்து விலக்கி நிறுத்துகின்றன. வளைந்த கம்பியை நான் கவனிக்காமல் விட்டதில், முழுசாக மிதித்த பிறகும் வண்டி மெல்ல ஊர்ந்துகொண்டே இருந்தது. ஆகவே முதல் ஓட்டம் சமதளத்தில், முன்னால் சுவரோ ஆளோ இல்லாத இடத்தில். ஓடுகிற வண்டியின் அடியில் டார்ச் அடித்துக் குனிந்து பார்க்கும் பழக்கம் பெரியவருக்கு உண்டு; சாவியை என் பாக்கெட்டில் போட்டுக்கொண்ட பிறகுதான் இப்போது அவரைக் குனிய விடுகிறேன்.