எ, ஆன், தி: எங்கே வைப்பது, எங்கே விடுவது

தமிழில் 'எ', 'ஆன்', 'தி' போன்ற ஆர்ட்டிகிள் கிடையாது, அதனால்தான் ஆங்கிலத்தில் தடுமாறுகிறோம் என்பார்கள். பாதிதான் சரி. ஏதோ ஒரு பொருளா, தெரிந்த பொருளா என்று காட்டும் அந்த வேலையில் ஒரு பங்கைத் தமிழில் இரண்டாம் வேற்றுமை உருபான 'ஐ' பார்த்துக்கொள்கிறது. 'பேனா வாங்கினாள்' என்றால் ஏதோ ஒரு பேனா: 'ஷி பாட் எ பென்'. 'பேனாவை வாங்கினாள்' என்றால் ஏற்கெனவே பேச்சில் அடிபட்ட பேனா: 'ஷி பாட் தி பென்'. சந்தேகம் வந்தால் வாக்கியத்தைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். பொருளின் பெயரோடு 'ஐ' ஒட்டினால் பெரும்பாலும் 'தி'.

ஆட்களிடம் இந்தச் சோதனை பலிக்காது. யாரோ ஒரு டாக்டர் என்றாலும் 'டாக்டரைப் பார்த்தேன்' என்றுதான் சொல்வோம். அங்கே 'ஒரு', 'அந்த' இரண்டையும் முன்னால் வைத்து எது பொருந்துகிறது என்று பாருங்கள். எழுவாய்க்கும் இதே வழிதான். தூரத்தில் ஏதோ பஸ் வந்தால் 'எ பஸ்'. காத்திருந்த பஸ் வந்துவிட்டால் 'தி பஸ்'. ஒன்று முக்கியம்: எந்த பஸ் என்று படிப்பவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். எழுதுபவருக்கு மட்டும் தெரிந்த பொருளுக்கு முதல் வரியிலேயே 'தி' போடுவதுதான் அலுவலகக் கடிதங்களில் அடிக்கடி நடக்கும் பிழை.

'எ'யா 'ஆன்'ஆ என்பதை எழுத்து தீர்மானிப்பதில்லை, ஒலிதான். அடுத்து வரும் சொல்லை உச்சரிப்பு பிசகாமல் தமிழில் எழுதுங்கள். உயிரெழுத்தில் தொடங்கினால் 'ஆன்'. அறுபது நிமிடத்தைக் குறிக்கும் சொல் 'அவர்', ஆகவே 'ஆன் அவர்'. 'யூனிவர்சிட்டி' யகரத்தில் தொடங்குகிறது, ஆகவே 'எ'. 'ஆன் எம்.எல்.ஏ.', 'ஆன் எஃப்.ஐ.ஆர்.', ஆனால் 'எ பான் கார்டு'. ஒன்று என்ற எண்ணைத்தான் கவனிக்க வேண்டும்: 'ஒன்' என்று எழுதினாலும் வாயில் வருவது 'வன்', எனவே 'எ ஒன்-ருபீ காயின்'. இடையில் அடைமொழி வந்தால் அதன் ஒலியே கணக்கு: 'ஆன் ஆப்பிள்', 'எ ரெட் ஆப்பிள்'.

'அவர் டீச்சர்' என்ற வாக்கியத்தில் 'ஒரு' வராது. அதை அப்படியே 'ஹி இஸ் டீச்சர்' என்று எழுதிவிடுகிறோம். எண்ணக்கூடிய ஒருமைப் பெயர் இப்படித் தனியாக நிற்காது. 'எ', 'தி', 'மை', 'திஸ்' என ஏதாவது ஒன்று முன்னால் வேண்டும். அட்வைஸ், இன்ஃபர்மேஷன், ஃபர்னிச்சர், லக்கேஜ் இதற்கு நேர் எதிர். இவற்றுக்கு 'ஆன்', 'எ' கூடாது, பன்மை 'ஸ்' விகுதியும் கூடாது. 'சம் அட்வைஸ்' என்று எழுதுங்கள். பொதுவாக நேர்மையைப் பற்றிச் சொல்லும்போது வெறும் 'ஹானஸ்டி' போதும், 'தி' வேண்டாம்.

இடப்பெயர்களை மனப்பாடம் செய்வதைத் தவிர வழியில்லை. ஆறு, கடல், மலைத்தொடருக்கு 'தி' உண்டு: தி காவேரி, தி பே ஆஃப் பெங்கால், தி வெஸ்டர்ன் காட்ஸ். தனிச் சிகரத்துக்கும் ஏரிக்கும் கிடையாது: தொட்டபெட்டா, கொடைக்கானல் லேக். நாடுகளில் இந்தியா, ஸ்ரீலங்கா வெறுமனே நிற்கும். தி மால்டீவ்ஸ், தி நெதர்லாந்ட்ஸ் போலப் பன்மை வடிவில் உள்ளவை 'தி' கேட்கும்.

நன்றிக் கடிதம் எழுதும்போது ஒரு 'எ' விட்டுப்போனால் அர்த்தமே கவிழ்ந்துவிடும். 'எ ஃப்யூ ஃப்ரெண்ட்ஸ் கேம்' என்றால் நண்பர்கள் சிலர் வந்தார்கள். 'ஃப்யூ ஃப்ரெண்ட்ஸ் கேம்' என்றால் கிட்டத்தட்ட யாருமே வரவில்லை.