ஈஸ்டர் மகிழ்ச்சியை ஒரே நாளில் முடித்துவிடாமல் இருக்க

சிங்கப்பூரில் பெரிய வெள்ளிக்கு விடுமுறை உண்டு, ஈஸ்டர் திங்களுக்குக் கிடையாது. அதனால் ஞாயிறு பிரியாணியோடு விழா முடிந்ததாகப் பலர் எண்ணிவிடுகிறார்கள். ஆனால் கத்தோலிக்க வழக்கில், ஈஸ்டரன்று தொடங்கும் உயிர்ப்புக் காலம் தூய ஆவி வருகை விழாவான பெந்தகோஸ்து வரை 50 நாள்.

ஈஸ்டருக்கு முந்தைய சனி இரவு வழிபாடான பாஸ்கா திருவிழிப்பிலிருந்தே தொடங்குங்கள். நன்றாக இருட்டிய பிறகே அது ஆரம்பிக்க வேண்டும். இங்கே சூரியன் மறையவே ஏழு தாண்டும். ஓஃபிர் சாலை லூர்து அன்னை ஆலயம் போன்ற இடங்களுக்கு முன்கூட்டியே போய்விடுங்கள். அந்த வழிபாட்டில் ஒருவர் மெழுகுவத்தியிலிருந்து அடுத்தவர் ஏற்றும்போது எரிவதைச் சாய்க்காதீர்கள், எரியாததைச் சாய்த்துச் சுடரில் காட்டுங்கள். மாற்றிச் செய்தால் சூடான மெழுகு அடுத்தவர் கையில் சொட்டும். மின்விசிறிக்கு நேர்கீழே நிற்கவும் வேண்டாம்.

பழைய ஏற்பாட்டு வாசகங்கள் 7. நீளம் என்று நற்செய்தி நேரத்துக்கு வந்து சேர்பவர்கள் இழப்பது அதிகம். சுருக்கினாலும், எகிப்தில் அடிமைகளாயிருந்த இஸ்ரயேலர் தப்பிச் செங்கடலைக் கடந்த பகுதியை விடக்கூடாது என்பது விதி. அடிமைத்தனத்தைக் கேட்காதவருக்கு விடுதலை எப்படி இனிக்கும்? ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலமான தவக்காலம் முழுக்கப் பாடாத அல்லேலூயாவை மும்முறை, ஒவ்வொரு முறையும் சுருதி கூட்டிப் பாடுவார்கள். பாடகர் முதல் முறையே உச்சத்தில் எடுத்தால் மூன்றாவதில் குரல் உடையும்.

துக்க வீட்டாரிடம் ‘இன்று அழக்கூடாது’ என்று சொல்லாதீர்கள். உயிர்த்த இயேசு தோமாவுக்குக் காட்டியது தம் காயங்களைத்தான் (யோவான் 20). அவர்களோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள், போதும்.

திங்கள் முதல் இரவுச் சாப்பாட்டுக்கு முன் உயிர்ப்பைச் சொல்லும் லூக்கா 24இல் பத்து வசனம் வாசியுங்கள். ஒரு வாரத்துக்குள் அதிகாரம் முடிந்துவிடும். பிறகு யோவான் 20, 21.