விக்கிப்பீடியாவுல பேரிடர் கட்டுரை திருத்தப் போறீங்களா? நம்ம பாலாத்துல இருந்தே ஆரம்பிங்க

காலேஜ்ல விக்கிப்பீடியா அசைன்மென்ட் குடுத்துட்டாங்கன்னா லேப்புக்குப் போற முந்தின நாளே வீட்ல மொபைல் டேட்டாவுல அக்கவுண்ட் ஓப்பன் பண்ணிடுங்க, ஏன்னா ஒரே நெட்ல இருந்து ஒரு நாளைக்கு 6 அக்கவுண்ட் தான் விடும், இது தெரியாம காட்பாடில முப்பது பேர் ஒரே லேப்ல உக்காந்து, ஏழாவது ஆள்ல இருந்து எரர் வந்து மிச்சப் பேரு டீ குடிக்கப் போயிட்டோம். காலேஜ் பேர யூசர்நேமா வெக்காதீங்க. ஒரு அக்கவுண்ட நாலு பேர் யூஸ் பண்றதும் கூடாது.

அடுத்து, கட்டுரையில நேரா கை வெக்காம உங்க மணல்தொட்டியில (எழுதிப் பழகுறதுக்குன்னே உங்க அக்கவுண்ட்ல இருக்கற பக்கம்) எழுதிப் பாருங்க. 2004 சுனாமி மாதிரி பெருசா எடுக்காம ஒரே ஒரு பத்தி போதும். 2021 நவம்பர் மழையில பேரணாம்பட்டுல சுவர் இடிஞ்சது ஞாபகம் இருக்கா? பசங்க எழுதுறது இப்படி: "வேலூரையே உலுக்கிய கோர விபத்தில் பலர் பரிதாபமாகப் பலியாகினர்." கோர, பரிதாப, உலுக்கிய மூணையும் தூக்குங்க, அது போஸ்டர் பாஷை. இப்படி மாத்துங்க:

"2021 நவம்பர் 19 அன்று கனமழையின்போது வேலூர் மாவட்டம் பேரணாம்பட்டில் வீட்டுச் சுவர் இடிந்து விழுந்ததில் 4 குழந்தைகள் உட்பட 9 பேர் இறந்தனர்."

படிச்சாலே வயித்தக் கலக்குது இல்ல, அதுக்கு மேல நாம ஒண்ணும் சேக்க வேணாம். முற்றுப்புள்ளி வெச்ச ஒடனே மேற்கோள், அதாவது இந்தத் தகவல எங்க இருந்து எடுத்தீங்கங்கற சான்று, போட்டுடுங்க. மொத நாள் பேப்பர்ல வர்ற சாவு எண்ணிக்கை மறுநாளே மாறும், அதனால பின்னாடி வந்த செய்தியையும் பாருங்க, ரெண்டு எடத்துல வேற வேற நம்பர் இருந்தா யார் என்ன சொன்னாங்கன்னு ரெண்டையும் எழுதுங்க. "இதுவரை"ன்னு எழுதாதீங்க, ரெண்டு வருஷம் கழிச்சு படிக்கிறவனுக்கு அது எதுவரைன்னு எப்படித் தெரியும், தேதி போடுங்க.

நம்ம பக்கம் பெரிய குழி மாவட்டப் பேரு தான். 1903 வாணியம்பாடி வெள்ளத்த வேலூர் மாவட்டம்னு எழுதிடுவாங்க. அப்போ அது சேலம் மாவட்டம், 1911ல தான் வட ஆற்காட்டுக்கு வந்துச்சு, அப்புறம் வேலூர், 2019ல இருந்து திருப்பத்தூர். எங்க ஆயா இன்னும் வட ஆற்காடுன்னு தான் சொல்லும். சம்பவம் நடந்தப்போ எந்த மாவட்டமோ அத எழுதி, "இன்றைய திருப்பத்தூர் மாவட்டம்"னு பக்கத்துல போட்டா முடிஞ்சுது.

வாட்ஸ்அப் ஃபார்வர்டு, தாத்தா சொன்னது ரெண்டும் சான்று ஆகாது. பேப்பர்ல வந்த போட்டோவ போடாதீங்க, நீங்களே எடுத்த பாலாத்துப் போட்டோன்னா காமன்ஸ்ல (விக்கிப்பீடியாவுக்கான போட்டோ சேத்து வெக்கிற தளம்) ஏத்தலாம்.

சேவ் பண்ணும்போது என்ன மாத்துனீங்கன்னு சுருக்கம்ங்கற பெட்டியில ஒரு வரி எழுதுங்க. யாராவது திருப்பி அழிச்சா சண்டைக்குப் போகாம கட்டுரையோட வரலாறு பக்கத்துல காரணம் பாத்துட்டு, அதோட பேச்சுப் பக்கத்துல கேளுங்க. என்னோட மொத எடிட்ட பத்தே நிமிஷத்துல தூக்கிட்டாங்க, பேப்பர் வரிய அப்படியே ஒட்டியிருந்தேன்.