நகரின் நடுவே அறை எடுக்கும் முன்

நகர மையத்தில் தங்கினால் பாதி ஊரை நடந்தே பார்த்துவிடலாம். ராத்திரி எந்நேரம் திரும்பினாலும் வண்டி கிடைக்கும், சாப்பிட ஏதாவது திறந்திருக்கும். ஆனால் தெருச் சத்தத்தில் தூக்கம் கெட்டால் மறுநாள் முழுக்க வீண்.

அதனால் பதிவு செய்யும்போதே பின்பக்க அறையைக் கேளுங்கள். உயரமான மாடி என்பது மட்டும் போதாது. இரு பக்கமும் கட்டடங்கள் நெருக்கி நிற்கும் தெருவில் சத்தம் சுவருக்குச் சுவர் மோதி மேலேயும் வரும். நல்ல தூக்கத்துக்குப் படுக்கையறைக்குள் தொடர்ந்து கேட்கும் சத்தம் 30 டெசிபலைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அறைக்குள் போனதும் ஜன்னலைச் சாத்திவிட்டு, சட்டத்தின் ஓரமாக விரலை வைத்துப் பாருங்கள். காற்று பட்டால், அதே இடுக்கு வழியாக ஹாரன் சத்தமும் வரும். பெட்டியைப் பிரிக்கும் முன்பே வேறு அறை கேட்டுவிடுங்கள். பிரித்த பிறகு மாற நமக்கே மனம் வராது.

அப்புறம், சொந்தக் காரில் போகிறவர்கள் நிறுத்த இடம் உண்டா, அதற்குத் தனிக் கட்டணமா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். கைக்குழந்தையோ வயதானவர்களோ உடன் வந்தால், மையத்திலிருந்து ரயிலில் இரண்டு நிறுத்தம் தள்ளி எடுப்பதுதான் என் கணக்கில் சரி.